சாக்கைக் கீழே போடுங்கள்!

வீட்டில் பஞ்சாயத்து முடிந்துவிட்டது. மெத்தை மறுபடியும் பூனை மூத்திரத்தில் நாறுகிறது. சோபா உறையைத் துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்துவிட்டது. “ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாமியார் தன் பங்குக்கு, “மீன் மார்க்கெட்ல விட்டா பொழச்சுக்கும்மா” என்று வழியும் காட்டிவிட்டார். நீங்களும் சாக்கு எங்கே கிடக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டீர்கள்.

நில்லுங்கள்!

பிழைத்துக்கொள்ளாது. குட்டியிலிருந்து மின்விசிறிக்கு அடியில் தூங்கி, கிண்ணத்தில் வைத்ததைத் தின்று வளர்ந்த பூனைக்கு மார்க்கெட் என்பது அந்நிய தேசம். அங்கே எல்லை பிரித்துக்கொண்டு வாழும் கடுவன்கள் இருக்கின்றன, நாய்கள் இருக்கின்றன, விடியற்காலையில் பின்னோக்கி வரும் லாரிகள் இருக்கின்றன. பட்டினியும் தாகமும் கிடந்து தவிக்கும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களை மிரட்ட நான் இதை எழுதவில்லை. உங்கள் கையாலேயே தீர்க்கக்கூடிய ஒரு சிக்கலின் முன்னால் நீங்கள் தோல்வியை ஒப்புக்கொள்கிறீர்களே, அதைப் பொறுக்க முடியாமல் எழுதுகிறேன். மணல் பெட்டிக்கு வெளியே மூத்திரம் போகிறது என்பதற்காகவே உலகெங்கும் எத்தனையோ பூனைகள் வீட்டை இழக்கின்றன. கைவிட்டவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் இல்லை. தங்களால் முடியாது என்று நம்பியவர்கள். அந்த வரிசையில் நீங்கள் போய் நிற்காதீர்கள். உங்களால் முடியும்.

முதலில் ஒரு பொய்யை வீட்டைவிட்டுத் துரத்த வேண்டும். “நாங்க ஊருக்குப் போயிட்டு வந்த கோபத்துல கட்டில் மேலயே போயிடுச்சு” என்று பூனை வளர்ப்பவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பழிவாங்குகிறது என்று நம்புகிறவரை உங்கள் மூளை வேலை செய்யாது. எதிரி என்று முத்திரை குத்திவிட்ட பிறகு யார் உட்கார்ந்து காரணம் தேடுவார்கள்? மூத்திரம் அசிங்கம் என்பது நம் கணக்கு. பூனைக்கு அது ஒரு வாசனை, அவ்வளவுதான். அசிங்கத்தைக் கொண்டு நம்மை அவமதிக்க வேண்டுமென்றால், அது அசிங்கம் என்று முதலில் அதற்குத் தோன்ற வேண்டுமே!

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவரின் குழு 32 பூனைகளை 77 வாரங்கள் விடாமல் கவனித்து, 2011-இல் முடிவை வெளியிட்டது. 20 பூனைகளுக்குக் காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சி இருந்தது. 12 பூனைகள் ஆரோக்கியமானவை. சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனது, பார்த்துக்கொள்ளும் ஆள் மாறினார் என்பது போன்ற சின்ன மாற்றங்கள் நடந்த வாரங்களில் என்ன ஆயிற்று தெரியுமா? எந்த நோயும் இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பாட்டைக் குறைத்தன, பெட்டிக்கு வெளியே போயின. அப்படியானால் நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர் நினைத்த நேரத்துக்கு வந்து தீனி போட்டுவிட்டுப் போன நாட்களில் உங்கள் பூனைக்கு என்ன நடந்திருக்கும்? அதன் உலகம் ஆட்டம் கண்டது. உடம்பு அதைக் காட்டியது. இதில் கோபம் எங்கே வந்தது, பழி எங்கே வந்தது?

இதில் உங்களுக்கான நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. ஒழுங்கு குலைந்தபோது கெட்ட உடம்பு, ஒழுங்கு திரும்பியபோது தேறியது. சாப்பாடு குறித்த நேரத்துக்கு வந்து, ஒளிந்துகொள்ள இடமும் ஏறி உட்கார உயரமும் தினமும் கொஞ்ச நேரம் விளையாட்டும் கிடைத்தபோது நோயுற்ற பூனைகளின் தொல்லை குறைந்ததை அதே குழு கண்டது. அந்த மருந்து எந்தக் கடையிலும் இல்லை. உங்கள் வீட்டில், உங்கள் கையில் இருக்கிறது!

ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. உங்கள் பூனை ஆணா? அடிக்கடி பெட்டிக்குப் போய் உட்கார்ந்து முக்குகிறதா? சொட்டுச் சொட்டாக வருகிறதா, அல்லது ஒன்றுமே வரவில்லையா? கத்துகிறதா, அடிப்பக்கத்தை ஓயாமல் நக்குகிறதா? அப்படியென்றால் படிப்பதை இந்த வரியோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. படிகத் துகள்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் சிறுநீர் வெளியேற வழியில்லாமல் சிறுநீரகங்கள் செயலிழக்கும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுவிடும். எல்லாம் ஓரிரு நாட்களுக்குள். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பொழுதைப் போக்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. நமக்குச் சாதாரணமான ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று வீட்டில் யார் சொன்னாலும் சரி, அந்த நேரத்தில் நீங்கள் ஒருவர் எழுந்து நின்றால் போதும். ஆட்டோ பிடியுங்கள்!

முக்கல் இல்லாவிட்டாலும் முதல் வாசல் மருத்துவர்தான். புதிதாகப் பெட்டிக்கு வெளியே போகும் எந்தப் பூனையையும் ஒருமுறை பரிசோதித்துவிட வேண்டும். சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம். நீரிழிவோ சிறுநீரக நோயோ வந்த பூனை குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, அதே அளவுக்கு வெளியே விடும். பெட்டி போய்ச் சேரும்வரை தாங்காது. வயதான பூனையாக இருந்தால் மூட்டுகளைச் சந்தேகியுங்கள். 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வில் பத்தில் ஒன்பதுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. பூனை நொண்டிக் காட்டாது, முனகிக் காட்டாது. உயரமான விளிம்பைத் தாண்டி இறங்க வலிக்கும்போது, பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று போய்விடும். அதற்காக நீங்கள் அதை அடித்திருந்தால், வலிக்கு மேல் வலி சேர்த்திருக்கிறீர்கள். ஒரு பக்க விளிம்பை அறுத்துத் தாழ்த்திக் கொடுங்கள். பல கிழட்டுப் பூனைகளின் ‘கெட்ட பழக்கம்’ ஒரு கத்தி வெட்டில் முடிந்துபோகும்.

மருத்துவர் முன்னால் உட்காரும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு நோட்டு போடுங்கள். எங்கே போனது, எத்தனை மணிக்கு, மூத்திரமா மலமா, தரையில் தேங்கியதா சுவரில் பீய்ச்சியதா, அளவு எவ்வளவு, அன்று வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன புதிதாக வாங்கினீர்கள். மருத்துவர் உங்கள் பூனையைச் சில நிமிடம் பார்க்கிறார். நீங்கள் வருடக்கணக்காகப் பார்க்கிறீர்கள். அந்த வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிடும், எந்த மூலையில் இன்னொரு பூனை வழிமறித்து உட்காரும் என்று உங்களைவிடத் தெரிந்தவர் இந்த உலகில் கிடையாது. “எனக்கு என்ன தெரியும்” என்று சொல்லும் பழக்கத்தை விடுங்கள். உங்களுக்குத்தான் தெரியும்!

உடம்பில் குறையில்லை என்று தெரிந்துவிட்டால் பெட்டியைப் பாருங்கள். இங்கே ஒரு பெரிய பலம் ஏற்கெனவே உங்கள் பக்கம் நிற்கிறது. நம் வீட்டுப் பூனைகளின் முன்னோர் வட ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். மனிதனோடு அவை சேர்ந்த கதை மிகப் பழையது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதக் கல்லறையின் அருகிலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். மண்ணைத் தோண்டி, போய்விட்டு, மூடும் பழக்கத்தை அந்த முன்னோர் உங்கள் பூனையின் இரத்தத்தில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறந்து நான்கு வாரம் ஆன குட்டியை மணலில் விட்டுப் பாருங்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தோண்டும். நீங்கள் புதிதாக எதையும் புகட்ட வேண்டியதில்லை. அதன் இயல்புக்குக் குறுக்கே கிடப்பதை அப்புறப்படுத்தினால் போதும்.

இந்தப் பெட்டிக்குள் ஒரு மனிதனின் துணிச்சலும் இருக்கிறது. 1947 வரை அமெரிக்காவில் வீட்டுப் பூனைக்குச் சாம்பலும் மணலும்தான். மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் எட்வர்ட் லோ என்ற இளைஞர் தன் தந்தையோடு சேர்ந்து, ஆலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருட்களை விற்றுக்கொண்டிருந்தார். மணல் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, மணலுக்குப் பதிலாகச் சூளையில் உலர்த்திய களிமண் குருணையைக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண் மறுபடி வந்து அதையே கேட்டார். லோ அதைப் பைகளில் கட்டி, ‘கிட்டி லிட்டர்’ என்று தன் கையால் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனார். மணல் சல்லிக்காசுக்குக் கிடைக்கும்போது இதை யார் 65 சென்ட் கொடுத்து வாங்குவார் என்றார் கடைக்காரர். லோ வாக்குவாதம் செய்யவில்லை. சும்மாவே கொடுங்கள் என்று வைத்துவிட்டு வந்தார். வாங்கிப் போனவர்கள் காசோடு திரும்பி வந்தார்கள். பிறகு ஊர் ஊராக வண்டி ஓட்டிக்கொண்டு பூனைக் கண்காட்சிகளுக்குப் போனார். இடத்துக்கு வாடகையாக, அங்கிருந்த பூனைகளின் பெட்டிகளைத் தானே சுத்தம் செய்தார். பூனையின் கழிவை அள்ளுவதைக் கேவலம் என்று நினைக்காத அந்தக் கை ஒரு பெரிய தொழிலையே எழுப்பியது. 1984-இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர், ஈரம் பட்டதும் கட்டியாகும் பென்டோனைட் களிமண்ணைப் பூனைக்குக் கொண்டுவந்தார். இன்று அந்தக் களிமண் நம் குஜராத்தின் கட்ச் மண்ணிலிருந்தே வெட்டப்படுகிறது.

காலையில் கரண்டியைக் கையில் எடுக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். நிமிர்ந்து எடுங்கள்!

இனி உங்கள் பெட்டி. கடையில் அழகாக இருக்கிறதே என்று வாங்கிய அந்தச் சின்ன டப்பாவைப் பாருங்கள். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை பூனையின் நீளம் எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்கு நீளம் பெட்டிக்கு வேண்டும். துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்று, விலை உயர்ந்த பெட்டிகள் பலவற்றைவிட நன்றாக வேலை செய்யும். லாவண்டர் மணம், எலுமிச்சை மணம் எல்லாம் உங்கள் மூக்குக்காகச் செய்தவை. பூனையின் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது, அதற்கு அது தாக்குதல். 1991-இல் பீட்டர் போர்ஷெல்ட் என்ற நடத்தை ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், பூனைகள் நுண்ணிய, கட்டியாகும் மணலையே அதிகம் விரும்பின. மணமில்லாத அந்த வகையை மூன்று நான்கு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புங்கள். கட்டுப்படியாகவில்லையா? சலித்த ஆற்று மணலோ மரத்தூளோ போடுங்கள், ஆனால் தவறாமல் மாற்றுங்கள். மூடி போட்ட பெட்டியைச் சில பூனைகள் பொருட்படுத்துவதில்லை, சில வெறுக்கின்றன. முதல் வேலையாக மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள் என்பதே என் கட்சி.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். பூனைகள் எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாகப் பெட்டி என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இரண்டு பூனைக்கு மூன்று. மூன்றையும் ஒரே பால்கனியில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான்; முரட்டுப் பூனை வாசலில் படுத்துக்கொண்டால் மற்றதற்கு வழியில்லை. பிரித்து வையுங்கள். சோற்றுக் கிண்ணத்துக்கு அருகில் வைக்காதீர்கள். வாஷிங் மெஷின் பக்கத்திலும் வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது அது ஒருமுறை தடதடவென்று சுற்றினால் போதும், பூனை அந்த இடத்தையே பயத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். வீடு சின்னது என்று சொல்லாதீர்கள். நகரத்து இரண்டு அறைக் குடியிருப்பிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, ஹாலின் மூலையில் ஒன்று வைக்க இடம் இருக்கிறது. விருந்தாளி வந்தால் என்ன நினைப்பார் என்பதுதான் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. விருந்தாளி ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்!

துடைப்பதில்தான் நம் வீடுகள் அதிகம் சறுக்குகின்றன. நாற்றம் வந்ததும் கை தானாகப் பினாயிலைத் தேடுகிறது. பீனால் சேர்ந்த கிருமிநாசினி பூனைக்கு நஞ்சு. நடக்கும்போது பாதத்தில் ஒட்டும், நக்கும்போது உள்ளே போகும். பாராசிட்டமாலுக்குத் தோற்ற அதே கல்லீரல் இதற்கும் தோற்கும். அந்தப் பக்கம் வராமலிருக்கட்டும் என்று மூலைகளில் போடும் அந்துருண்டையும் நஞ்சுதான். பழைய மூத்திரத்தில் யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியா வருகிறது. ஆகவே அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அங்கே இன்னொரு பூனை போன மாதிரி ஆகிவிடும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் க்ளீனர் வாங்குங்கள். பாட்டிலில் சொன்ன நேரம் ஊறவிடுங்கள், அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள். கறை கண்ணுக்குத் தெரியாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஒரு புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், திட்டுத்திட்டாக மின்னும். முகத்தைக் கறையில் தேய்த்துத் தண்டிக்கும் பழைய முறையை மட்டும் கனவிலும் செய்யாதீர்கள். அதிலிருந்து பூனை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: உங்கள் கையைக் கண்டால் ஓட வேண்டும்.

சுவரோடு நின்று, வாலைத் தூக்கி நடுக்கி, பின்பக்கமாகப் பீய்ச்சினால் விஷயமே வேறு. அது எல்லை போடுதல். கருத்தடை செய்யாத கடுவனாக இருந்தால் ஆபரேஷன் செய்யுங்கள். பத்தில் ஒன்பது பூனைகள் அதை நிறுத்திவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. ஆபரேஷன் ஆன பிறகும் தொடர்ந்தால் சன்னலுக்கு வெளியே பாருங்கள். மதில்மேல் தினமும் வந்து உட்காரும் தெருப்பூனை கண்ணில் படும். அந்தச் சன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள்.

“மருமக உண்டாயிருக்கா, பூனையைத் துரத்து” என்ற குரலுக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவுக்கு ஆபத்து என்பது உண்மை. பூனை அதைப் பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, ஓரிரு வாரம் மட்டும் மலத்தில் வெளியேற்றும். வெளியேறிய முட்டைகள் தொற்றும் நிலையை அடைய ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் பெட்டியைச் சுத்தம் செய்தால் அந்த அவகாசம் அதற்குக் கிடைக்காது. அந்த மாதங்களில் கரண்டி கணவர் கைக்கு மாறட்டும். வேகாத இறைச்சியைத் தவிர்ப்பதும் தோட்டத்து மண்ணைத் தொட்டால் கை கழுவுவதும் இதே அளவுக்கு முக்கியம் என்று மகப்பேறு மருத்துவரே சொல்வார். பயத்துக்குத் தகவலால் பதில் சொல்லத் தெரிந்த பெண்ணிடம் வீடு கொஞ்ச நாளில் அடங்கிப் போகும்!

பழக்கம் முற்றிப்போன பூனையா? சிறிய அறை ஒன்றைக் கொடுங்கள். ஒரு மூலையில் படுக்கை, மறு மூலையில் பெட்டி, தள்ளித் தண்ணீர். இதைச் சிறைத்தண்டனையாக நடத்தாமல், கூடவே உட்கார்ந்து கொஞ்சி விளையாடுங்கள். பெட்டியைத் தவறாமல் பயன்படுத்தத் தொடங்கியதும் அடுத்த அறையைத் திறந்துவிடுங்கள், பிறகு ஹால். வாரங்கள் ஆகும், சில பூனைகளுக்கு மாதங்கள். நடுவில் ஒருநாள் மறுபடி மெத்தை நனையும். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் “அப்பவே சொன்னேன்ல” என்று உங்களைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குக் குனியாதீர்கள். நோட்டைத் திறந்து, முந்தைய நாள் என்ன நடந்தது என்று எழுதுங்கள். மேல்மாடியில் டிரில் போட்டார்களா? புது சோபா வந்ததா? கரண்டி எடுக்க ஒருநாள் மறந்துபோயிற்றா?

தீபாவளி நெருங்கினால் அதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். முதல் வெடி வெடிப்பதற்கு முந்தைய வாரமே, சத்தம் குறைவான உள்ளறையில் கூடுதலாக ஒரு பெட்டி, ஏறி ஒளிய ஒரு அட்டைப்பெட்டி, பழகிய வாசனையுள்ள உங்கள் பழைய புடவை ஒன்று வைத்துவிடுங்கள். வெடிச் சத்தம் கேட்டதும் அது எங்கே ஓடும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெட்டி அங்கே இருக்கட்டும்.